காய்ச்சல் பிள்ளையை மடியில் வைத்திருந்த சுகந்தி அக்கா

சுகந்தி அக்கா இறந்துவிட்டார். நேற்றுப் பின்னேரம், இங்கே ஜெர்மனியில், ஹனோவர் ஆஸ்பத்திரியில்... பன்றிக் காய்ச்சல். வயது முப்பத்துநான்கு.

ஏழு மாதக் கர்ப்பிணி. பத்து நாளைக்கு முதல் பிள்ளையை ஒப்பரேஷன் செய்து எடுத்தார்கள். பெண் குழந்தை. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறாள். தாய் அவளைப் பார்க்கவில்லை.

பேஸ்புக்கில் நான் படம்கூடப் போடுவதில்லை. இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

இருவரும் ஒரே கிண்டர்கார்டனில், சின்னப் பிள்ளைகளின் குழுவில் வேலை செய்தோம். அவர் உதவியாளர், நான் பயிற்சிக்கு வந்தவள். முதல் நாளே என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "தங்கச்சி, இஞ்சை லிப்ஸ்டிக் பூசாதை. பத்து மணிக்குள்ள அது பிள்ளையளின்ரை கன்னத்திலை இருக்கும்."

இருந்தது.

கோடையில் ஒரு நாள் பிள்ளைகளுக்குப் பம்பர்ஸ் மாற்றும் மேசையிலிருந்து ஓடிப்போய் வாந்தி எடுத்தார். திரும்பி வந்து என் கையைப் பிடித்தார். "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையடி. மூண்டு மாதம் முடியட்டும். போன முறை எல்லாருக்கும் சொல்லி, நாவூறு பட்டுத்தான் கலைஞ்சது."

நான் சொல்லவில்லை. அவர் மாற்ற வேண்டிய பம்பர்ஸையும் சேர்த்து நானே மாற்றினேன். வேலையிடத்துக்குச் சொன்ன நாளிலிருந்துதான் இந்த நாட்டுச் சட்டம் கர்ப்பிணியைக் காக்கும். எங்கள் வழக்கமோ சொல்லாதே என்கிறது. பாதுகாப்பு இல்லாமல் போன அந்த வாரங்களில் என் பங்கும் இருக்கிறது...

விடுமுறை முடிந்ததும் சொன்னார். கிண்டர்கார்டன் பொறுப்பாளர் கட்டிப்பிடித்தார், பூங்கொத்து கொடுத்தார். என்னென்ன ஆபத்து என்று பார்த்து எழுதி, தொழிலாளர் பாதுகாப்பு அலுவலகத்துக்கு அறிவித்து, தேவையென்றால் வீட்டுக்கு அனுப்ப வேண்டியது அவர் கடமை. அதற்கான தாள் நிரப்பப்படவே இல்லை.

"முதலில் உங்கள் இடத்துக்கு ஆள் கிடைக்கட்டும். கர்ப்பம் ஒரு நோய் இல்லையே, சுகந்தி" என்றார். ஜனவரியில் ஒப்பந்தம் முடிவதையும் அதே சிரிப்போடு நினைவூட்டினார்.

"டொக்டரிட்டைச் சொல்லிக் கடிதம் வாங்குங்கோ அக்கா, வேலைக்குப் போகக் கூடாது எண்டு."

"வாங்கலாம். பிறகு ஜனவரியிலை என்னை ஆர் வைச்சிருப்பினம்? நீயே? இவருக்கும் இப்ப வேலை இல்லை."

பிறகு ஊருக்குள் பன்றிக் காய்ச்சல் வந்தது. வாசலில் கை கழுவச் சொல்லும் போஸ்டர் ஒட்டினார்கள், யானைப் படத்தோடு. கர்ப்பிணிகளுக்குத் தனி ஊசி வரும், பொறுங்கள் என்றார் டொக்டர். அக்கா பொறுத்தார்.

ஒரு வியாழக்கிழமை, இரண்டு வயதுப் பையன் ஒருவனுக்கு உடம்பு கொதித்தது. தாய் போனை எடுக்கவில்லை. பொறுப்பாளர் வாசலிலேயே நின்றார், உள்ளே வரவில்லை. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னிடம், "அவனைச் சுகந்தியிடம் கொடு. அவரிடம்தான் அழ மாட்டான்" என்றார்.

கொடுத்தேன். நான்தான் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

கொஞ்ச நேரத்தில் பயம் வந்து, திரும்ப வாங்கப் போனேன். "விடு, இப்பதான் நித்திரையானவன். எழுப்பாதை" என்றார். இரண்டரை மணித்தியாலம், அந்தச் சின்ன நாற்காலியில், வயிற்றோடு சேர்த்து அணைத்தபடி...

செவ்வாய்க்கிழமை அவருக்குக் காய்ச்சல். வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி.

திங்கட்கிழமை காலை அவருடைய இடத்துக்கு ஆள் வந்துவிட்டது. மூன்று மாதமாகக் கிடைக்காத ஆள்.

இன்று அனுதாப அட்டை ஒன்று கைமாறிக்கொண்டிருந்தது. பொறுப்பாளரின் அழகான கையெழுத்தில், "எதிர்பாராத இழப்பு."

எதிர்பாராததாம்! நான் கையெழுத்துப் போடவில்லை.

அந்த வியாழக்கிழமை நடந்ததை நேரத்தோடு எழுதி, தொழிலாளர் பாதுகாப்பு அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன். பிள்ளையைக் கொடுத்த கை என்னுடையது என்பதையும் எழுதினேன். பயிற்சியை நிறுத்துவார்களோ தெரியாது. நிறுத்தட்டும்.

சற்று முன்னர் அக்காவின் கணவர் போனில் அழைத்தார். அழவில்லை, மெதுவாகத்தான் கதைத்தார். "மெஷினைக் கொஞ்சம் குறைச்சிருக்கினம் தங்கச்சி. பிள்ளை தானா மூச்சு விடப் பாக்கிறாளாம்."

கேட்டுதா அக்கா... உங்கடை மகள்.

நிம்மதியாப் போங்கோ. நான் நாளைக்கு அவளைப் பார்க்கப் போறன்.