கப்பலில் ஏறாத நோவாவின் மனைவி

அமெரிக்காவில், ரவுண்ட் ராக்கில் ஒரு சர்ச்சின் கார் நிறுத்துமிடம். மகனைப் பார்க்க ஊரிலிருந்து வந்த நான், அவனோடு வெயிலில் நின்று நாடகம் பார்க்கிறேன். பெரிய வண்டிதான் மேடை. அந்தக் காலத்து இங்கிலீஷ்காரர்கள் வேதக் கதைகளை இப்படித் தெருவில்தான் நடித்தார்களாம். உலகையே மூழ்கடித்த வெள்ளத்தில் குடும்பத்தோடு கப்பலேறித் தப்பிய நோவாவின் கதையைக் கப்பல் கட்டும் தச்சர்கள் நடிப்பார்களாம். பெண் வேடமும் ஆண்தான். நோவாவின் மனைவிக்குத் தாடி இருக்கிறது.

அவள் கப்பலில் ஏற மறுக்கிறாள்.

"ஏன்யா ஏற மாட்டேங்கா?"

"ஃப்ரெண்ட்ஸ விட்டுட்டு வர மாட்டாளாம்மா."

நோவாவின் பிள்ளைகள் அவளைத் தூக்கிப் போகிறார்கள். கூட்டம் சிரிக்கிறது.

"கிரீன் கார்டு அப்ளை பண்ண ஒத்துக்கலைன்னா உங்களையும் இப்படித்தான் தூக்குவேன்," என்கிறான் மகன்.

"அவளுக்கு வெள்ளம் வருது. எனக்கு என்னய்யா வருது?"

"ஊர்ல பாத்ரூம்ல விழுந்து விடிய விடியத் தனியா கெடந்தீங்களே, அது என்னம்மா?"

"கதவ ஒடச்சி என்னைத் தூக்குனது பக்கத்து வீட்டு மரியாளும் சகாயமும். அவங்களையும் ஏத்திக்கிடுவியா?"

மேடையில் கப்பல் கதவு மூடுகிறது. அவளுடைய தோழிகள் மூன்று பேர் வெளியே நிற்கிறார்கள். வெள்ளமாக விரித்த நீலத் துணி அவர்கள் கழுத்துவரை ஏறுகிறது. இப்போது யாரும் சிரிக்கவில்லை.