பதினோராவது எண்

எழுத்து போட்டு முடித்த வேகனைக் கையில் வாங்கியதும் அருள்நாதன் முதலில் அதை முகர்ந்து பார்ப்பான். கண்ணால் பார்ப்பது அப்புறம்தான். காயாத எனாமல் பெயிண்ட் வாடை கொஞ்சம் இருந்தாலும் மூக்கைச் சுருக்கி, மேசைமேல் திரும்ப வைத்துவிட்டுப் போய்விடுவான். வாடை இல்லையென்றால் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, சாண் நீளம்கூட இல்லாத அந்த மாடல் சரக்கு வேகனின் எழுத்துகளைக் கையிலிருக்கும் சீட்டோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்ப்பான். பிறகு அலமாரியில் ஏற்றுவான். நன்றாயிருக்கிறது என்று ஒரு வார்த்தை கிடையாது. பன்னிரண்டு வருஷமாக அவன் தங்கை சுஜா இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மூக்கைப் பார்த்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பாலக்கரையில் ஒரு சந்து வீடு. அப்பா இறந்தபோது அருள்நாதன் பத்தாவது முடித்திருந்தான். மேலே படிக்கவில்லை. துவாக்குடி பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்து, பிறகு ஃபிட்டர் ஆனான். அவனைவிடப் பதினோரு வயது சின்னவளான சுஜா பி.எஸ்ஸி கணிதம் படித்தாள். அவர்கள் வம்சத்திலேயே முதல் பட்டம் அது. பட்டமளிப்பு அன்றைக்குக் கல்லூரி கேட்டுக்கு வெளியே நின்றிருந்த அண்ணன், கறுப்பு அங்கியோடு ஓடி வந்தவளிடம், "முடிஞ்சுதா, கெளம்பலாமா?" என்றுதான் கேட்டான். அம்மாவும் போன பிறகு வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். அவனுக்குக் கல்யாணம் கூடிவரவில்லை. அவள் வந்த வரன்களையெல்லாம் தட்டிக் கழித்தாள். ஸ்ரீரங்கத்தில் ஒரு இ-சேவை மையத்தில் ஊரார் பெயர்களை விண்ணப்பங்களில் தட்டச்சு செய்வது அவள் வேலை.

வேகன் கட்டுவது அருள்நாதனுக்கு எங்கிருந்து பிடித்த பைத்தியம் என்று யாருக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் ஸ்டேஷனுக்குப் போய்விடுவான். பிளாட்பாரத்தின் கடைசியில் நின்றால், பாலத்தில் வழி கிடைக்கக் காத்திருக்கும் சரக்கு வண்டிகளைப் பார்க்கலாம். ஒரு நோட்டில் வேகன் எண், காலி எடை, தாங்கும் எடை எல்லாம் குறித்துக்கொள்வான். செல்போனில் படம் எடுக்கமாட்டான். வீட்டில் பிளாஸ்டிக் தகட்டை வெட்டி, ஒட்டி, ராவி, அச்சு அசலாக அதே வேகனைக் கட்டுவான். அவன் அலமாரியிலிருந்த எல்லாமே அவன் கண்ணால் பார்த்த வேகன்கள். இல்லாத எண் ஒன்றைக்கூட அவன் போட்டதில்லை. அவனுக்கிருந்த கர்வமெல்லாம் அதில்தான்.

ஆனால் எழுத்து வராது. அவன் கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும். அவன் முதல் வேகனில் தானே எழுதியதைப் பார்த்து சுஜா சிரித்துவிட்டாள். அடுத்த நாள் ஒரு வேகனையும் சீட்டையும் நூல்போன்ற ஒரு பிரஷ்ஷையும் அவள் முன்னால் வைத்தான். "சிரிச்சல்ல? எழுது. காலேஜுக்குப் போன கைதானே."

அன்று ஆரம்பித்தது. எள்ளளவு எழுத்துகளை மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுத வேண்டும். முடியாது என்று அவள் சொன்ன நாட்களில் அவன் சத்தம் போடமாட்டான். "நான் பத்தாங்கிளாஸோட நின்னதாலதான் நீ பி.எஸ்ஸி" என்பான், சோறு போட்டுக்கொண்டே. அவள் பிரஷ்ஷை எடுத்துவிடுவாள். அவன் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று அவள் பலமுறை நினைத்திருக்கிறாள்.

மலைக்கோட்டைக்குக் கீழே பெயிண்ட் கடை வைத்திருக்கும் தாஜுதீன் பாய்க்கும் ரயில் பித்து உண்டு. வருஷம் ஒருமுறை ஜனவரியில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்து மாடல் ரயில் கண்காட்சி நடத்துவார். ஒவ்வொரு மேசைக்கும் ஒரு அட்டை. அருள்நாதன் மேசையில் எப்போதும் ஒரே வாசகம்: 'ஆக்கம்: அருள்நாதன். எண்கள் யாவும் நேரில் கண்டவை.' வருகிறவர்கள் குனிந்து பார்த்து, எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கிறதே என்பார்கள். அருள்நாதன் தலையாட்டுவான். பக்கத்தில் தண்ணீர் பாட்டிலோடு நிற்கும் சுஜாவை யாரும் பார்க்கமாட்டார்கள்.

போன வருஷக் கண்காட்சிக்கு ஒரு மாதம் இருக்கும்போது அவள் கேட்டாள். கேட்பதற்கு இரண்டு நாள் வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தாள். அட்டையில் இன்னொரு வரி போட வேண்டும், 'எழுத்து: சுஜா' என்று. அவ்வளவுதான்.

அருள்நாதன் அரத்தைக் கீழே வைக்காமலே சொன்னான்.

"வீடு கட்டுறவன் பேரு போடுவாங்க. வெள்ளையடிக்க வந்த ஆளு பேரையுமா போடுவாங்க?"

"வெள்ளையடிக்கிற ஆளு இல்லாம ஒரு வருஷம் கொண்டுபோய் வையேன். கோழி கிளறினத எல்லாரும் பாக்கட்டும்."

"பேரு வேணும்னா ஒரு வேகன் கட்டு. ஒண்ணே ஒண்ணு. கட்டிட்டு வந்து பேரு கேளு."

அவள் எழுந்து போய்விட்டாள். மூன்று நாள் சமையல் ஆளுக்கு ஒரு அடுப்பு. நாலாம் நாள் மேசைமேல் புது வேகன் இருந்தது. நிலக்கரி ஏற்றும் திறந்த வேகன். ஆறு மாதம் உழைத்து, கதவின் கொக்கிவரை கட்டியிருந்தான். கண்காட்சியில் நடுவில் வைக்கப்போவது அதைத்தான். பக்கத்தில் அவன் கையால் எழுதிய சீட்டு.

நிஜ வேகன் ஒவ்வொன்றுக்கும் பதினோரு இலக்க எண் உண்டு. என்ன வகை, எந்த ரயில்வே, எந்த வருஷம் என்று முதல் பத்து எண்கள் சொல்லும். பதினோராவது எண் சோதனைக்கு. முன்னாலிருக்கும் பத்தையும் ஒரு முறைப்படி பெருக்கிக் கூட்டினால் அதுதான் வர வேண்டும்; எங்காவது ஒரு எண் பிசகினால் காட்டிக்கொடுத்துவிடும். அருள்நாதனுக்கு அந்தக் கணக்கு தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இருந்ததில்லை. அவன்தான் பார்த்ததை எழுதுகிறவன் ஆயிற்றே. சுஜாவுக்குத் தெரியும். அவன் கொடுக்கும் சீட்டுகளை விளையாட்டாகப் போட்டுப் பார்ப்பாள். பன்னிரண்டு வருஷத்தில் ஒன்றுகூடத் தப்பியதில்லை.

அந்தச் சீட்டில் கடைசி எண்ணாக ஒன்று என்று இருந்தது. அவள் அவன் எழுதிய அதே நீலப் பேனாவை எடுத்து, அதன் தலையில் ஒரு சின்னக் கோடு இழுத்தாள். ஏழு ஆகிவிட்டது. வேகனின் இரண்டு பக்கமும் ஏழு என்றே எழுதினாள். அவ்வளவு அழகான ஏழு அதற்கு முன் அவள் எழுதியதில்லை.

அருள்நாதன் முகர்ந்தான். சீட்டோடு ஒத்துப் பார்த்தான். அலமாரியில் ஏற்றினான்.

கண்காட்சி அன்று மதியம் ஆசீர் என்று ஒருவர் வந்தார். ரயில்வேயில் சரக்குக் கணக்கு பார்த்து ஓய்வுபெற்றவர். மேசைகளைச் சுற்றி வந்தவர், நடு வேகன் முன்னால் நின்று விரல்விட்டு எதையோ எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"தம்பி, இப்படி ஒரு வேகன் இந்தியாவுலயே கெடையாதே."

அருள்நாதன் தான் கண்ணால் பார்த்ததாகச் சொன்னான். ஆசீர் விடவில்லை. கூட்டல் பெருக்கலை எல்லோருக்கும் கேட்கும்படி போட்டுக் காட்டினார். நாலு பேர் கூடினார்கள். அருள்நாதன் சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்துப் பார்த்தான். ஏழுதான். தன் கையெழுத்துதான். அவன் முகம் போன போக்கை சுஜா பார்த்தாள். தன் கையையே நம்பாதவன் முகம்.

"நேர்ல கண்டதுன்னு பெருசா எழுதி வெச்சிருக்கீங்க," என்றார் ஆசீர். "இது ஒண்ணு கப்சான்னா மத்ததெல்லாம்?"

யாரோ சிரித்தார்கள். இதற்காகத்தான் சுஜா காத்திருந்தாள். ஆனால் அருள்நாதன் மேசைக்கு அடியிலிருந்த அட்டைப் பெட்டியை இழுத்து, ஒவ்வொரு வேகனாக உள்ளே வைக்க ஆரம்பித்ததும் அவள் வாய் தானாகத் திறந்தது.

"எழுத்து போட்டது நான்தாங்க. தப்பா போட்டதும் நான்தான். வேணும்னே போட்டேன்."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள், முதல் தடவையாக. தாஜுதீன் பாய்கூட மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

அருள்நாதன் நிமிரவில்லை. "தங்கச்சி," என்றான் ஆசீரிடம், சாதாரணமாக. "எனக்கு அவமானம்னு பொய் சொல்லுது. எழுத்து எல்லாம் நான் போடுறதுதான். தப்பும் என்னுதுதான்." மூடியைப் போட்டுப் பெட்டியைக் கயிற்றால் கட்டினான்.

திரும்பும் பஸ்ஸில் அவன் முன்னால் உட்கார்ந்தான், அவள் பின்னால். அவன் அவளைக் காப்பாற்றினானா, அல்லது அந்த எழுத்து அவளுடையது என்று ஊர் அறிவதைவிடப் பொய்யன் என்ற பெயரே மேல் என்று நினைத்தானா? ஜங்ஷன் வரும்வரை அவள் இதையே புரட்டிக்கொண்டிருந்தாள். முதலாவதாக இருந்தால் தான் செய்தது மன்னிக்க முடியாதது. இரண்டாவதாக இருந்தால் இன்னும் ஒருமுறை செய்யலாம். எதுவென்று அவன் பிடரியைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

வீட்டில் நுழைந்ததும் அவன் பட்டறைப் பையிலிருந்து நோட்டை எடுத்து, அந்தப் பக்கத்தைத் திறந்து அவள் முன்னால் போட்டான். கடைசி எண் ஒன்று.

"என் கையெழுத்து மேலயே எனக்குச் சந்தேகம் வர வெச்சுட்ட. இதுக்குத்தான் படிச்சியா?"

"நீ படிக்க வெச்சதுக்குப் பன்னண்டு வருஷம் எழுதிட்டேன். இனிமே அதச் சொல்லாத."

"திருத்திக் குடு."

"பேரு போடு. திருத்தறேன்."

"திருத்து. அடுத்த வருஷம் போடுறேன்."

அவள் நம்பவில்லை. ஆனாலும் அந்த வாரமே தின்னரில் நனைத்த பஞ்சால் ஏழைத் துடைத்து, இரண்டு பக்கமும் ஒன்று போட்டாள். தப்பான எண் தனக்கே பொறுக்கவில்லை என்று சொல்லிக்கொண்டாள். அவன் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தான். அதற்குப் பிறகு சீட்டு எழுதிக் கொடுப்பதை நிறுத்திவிட்டான். நோட்டையே கொண்டுவந்து வைப்பான், அவள் எழுதி முடிக்கும்வரை பக்கத்தில் நிற்பான், கையோடு எடுத்துப் போய்விடுவான். அவளுக்கு அது அடித்ததுபோல் இருக்கும். பேரைப் பற்றி அவள் மறுபடி கேட்கவில்லை. வாக்கு கொடுத்தவன் அவன், அவனாகச் செய்யட்டும் என்று இருந்தாள்.

நவம்பர் மழையில், கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருந்த இடத்திலேயே அருள்நாதன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ஐம்பதுகூட ஆகவில்லை. ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் முடிந்துவிட்டது.

டிசம்பரில் தாஜுதீன் பாய் சுஜாவைக் கடைக்கு வரச் சொன்னார். அருள்நாதன் மேசை இல்லாமல் கண்காட்சி நடத்த மனசில்லை, வேகன்களைக் கொண்டுவந்து வைக்க முடியுமா என்று கேட்டார். அவள் சரி என்றாள். அட்டைக்கு என்ன செய்வது என்று கேட்டாள்.

"அவரு அக்டோபர்லயே எழுதிக் குடுத்துட்டாரும்மா," என்று கல்லாவிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்தார்.

கோழி கிளறிய கையெழுத்து. 'ஆக்கம்: அருள்நாதன். எண்கள் யாவும் நேரில் கண்டவை.' சுஜா காகிதத்தைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"வேற ஏதாச்சும் சொன்னாரா பாய்? அப்புறம் தர்றேன்னு, இன்னொரு வரி இருக்குன்னு?"

தாஜுதீன் பாய் பொய் சொல்லத் தெரியாத மனுஷன். "இல்லம்மா," என்றார். பிறகு, அன்றைக்கு மண்டபத்தில் அவள் சொன்னது நிஜம் என்று தனக்கு அப்போதே தெரியும் என்றும், அவள் பெயரையும் சேர்த்தே அடித்துவிடலாம் என்றும் சொன்னார். பேனாவைக்கூட எடுத்துவிட்டார்.

"வேணாம் பாய். அவன் போடுறேன்னு சொன்னது. நீங்க போட்டா ஆகாது."

காகிதத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, பெரிய கடைவீதிக் கூட்டத்தில் இறங்கி நடந்தாள்.