ரேஷன் கடை திறக்கும் வரை

ராயபுரம் மார்க்கெட்டில், அரிசிக்கடை பாய் முன்னால் பையோடு நிற்கிறேன். நாளைக்கு என் பேத்தியைப் பெண் பார்க்க வருகிறார்கள். மருமகனுக்குக் குமாஸ்தா சம்பளம்தான். ரேஷன் கார்டுக்குப் போட்ட அரிசி வாடை அடிக்கிறது. அதை வடித்து வருகிறவர்களுக்குப் போட முடியாது என்று மகள் என்னை அனுப்பியிருக்கிறாள்.

பாய் சொல்லும் விலைக்கு என் முந்தானை முடிச்சு போதாது. பேரம் பேசவும் எனக்கு வாய் வராது. திரும்பிப் போகப் பார்க்கிறேன்.

பக்கத்தில் கூடையை இறக்கி வைத்த மீன்காரி கையைப் பிடிக்கிறாள். "எங்க போற ஆயா? சித்த இரு. எதிர்ல ரேஷன் கடைய தொறக்கட்டும், பாய் தானா எறங்குவாரு."

"யாவாரத்தக் கெடுக்கவே வந்துகிறியா?" என்று பாய் சிரிக்கிறார்.

எதிர்க்கடையில் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றுகிறார்கள். கூட்டம் அந்தப் பக்கம் சாய்கிறது. நான் கேட்காமலே பாய் படிக்கு ஓரணா குறைக்கிறார். இப்போது முடிச்சு போதும்.

"சர்க்காரு கடை மட்டும் இருந்தா நீ கல்லு பொறுக்கிகினே இருக்கணும் ஆயா. என் கடை மட்டும் இருந்தா உன் வூட்டையே எழுதி வாங்கிடுவேன். ரெண்டும் எதிரும் புதிருமா இருக்கட்டும்" என்றபடி குவித்து அளக்கிறார்.

அளந்து முடித்ததும் சட்டைப் பையிலிருந்து தம் ரேஷன் கார்டை எடுத்து மீன்காரியிடம் நீட்டுகிறார். "சக்கரை போடுறான். எனக்கும் சேர்த்து வாங்கியா."

"வுட்ட ஓரணாவ அங்க புடிக்கிறியா பாய்?" என்கிறாள் அவள். பையைத் தூக்கிக்கொண்டு நானும் சிரித்துவிடுகிறேன்.