மூன்றாம் வரிசை தைலம்மாள்

மாத்திரையை வாயில் போடுமுன் தைலம்மாள் அதை ஒரு திட்டு திட்டுவாள். "உள்ள போயி சும்மா குந்திக்கினு இருக்காத. வேலைய பாரு." அப்புறம்தான் தண்ணீர்.

செஞ்சிக் கோட்டை அடிவாரத்தில் அவித்த மல்லாட்டைக் கடலையும் வெள்ளரிப் பிஞ்சும் விற்கிறாள். ஆட்கள் நிற்கும்போதே விழுங்குவாள். "சுகரா?" என்று யாராவது கேட்டால், "எச்.ஐ.வி." என்பாள், பொட்டலத்தை மடித்துக்கொண்டே. சிலர் காசைக் கொடுத்துவிட்டுப் பொட்டலத்தை வாங்காமல் நழுவிவிடுவார்கள். "போவட்டும், எனக்கு ரெண்டு தபா யாவாரம்" என்று அதையே அடுத்தவரிடம் நீட்டுவாள்.

எனக்கும் அதே நோய்தான். பன்னிரண்டு வருடமாக இருவரும் ஒரே பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறோம். தையல்காரியான நான் மாத்திரையை பாபின் டப்பாவில் ஒளித்து வைத்திருக்கிறேன். மாமியாருக்குக்கூடத் தெரியாது.

தைலம்மாள் மேல் எனக்குப் பொறாமை. சொல்வதற்கென்ன, வயிறு எரிகிற பொறாமை. எங்கள் நோய்க்கு மருந்து மூன்று வரிசை; ஒன்று பலிக்காமல் போனால்தான் அடுத்தது. முதல் வரிசை மருந்தை நாட்டு வைத்தியர் பேச்சைக் கேட்டு நிறுத்தினாள். இரண்டாம் வரிசையைச் செங்கல் சூளைக்குப் போன இடத்தில் விட்டாள். இரண்டுமே அவள் உடம்பில் வேலை செய்யாமல் போயின. அந்தக் காலத்து மாத்திரை கன்னத்துச் சதையை எடுத்துக்கொண்டது. பாதம் இன்னும் எரிகிறது. அப்படிப்பட்டவளுக்குத்தான் சென்னையில் டாக்டர்கள் கூடிப் பேசி மூன்றாம் வரிசை கொடுத்தார்கள். இரண்டு வருடமாக அவள் ரத்தத்தில் கிருமி கணக்குக்கே வருவதில்லை. "தைலம்மாள் அக்காவப் பாருங்க" என்று கவுன்சலர் புதியவர்களிடம் காட்டுகிறார். கெட்டுத் திருந்தினால்தான் மவுசு. ஒழுங்காக இருந்த என்னை யாரும் காட்டியதில்லை.

ஒழுங்கு என்றா சொன்னேன்? தளவானூர் கல்யாணத்தில் நான்கு நாள், நாத்தனார் வீட்டில் ஒரு வாரம், அத்தனை கண்களுக்கும் பயந்து டப்பாவைத் திறக்கவேயில்லை.

போன செவ்வாய்க்கிழமை ரிசல்ட் வந்தது. அவளுக்கு வழக்கம்போல் ஒன்றுமில்லை. இரண்டாம் வரிசையில் இருக்கிற எனக்குக் கிருமி எட்டாயிரம்.

"மூணு மாசம் ஒரு வேளைகூட விடாம போடுங்க. இறங்கலன்னா மூணாவதுதான். அதுக்கு மேல எங்க கைல மருந்து இல்லம்மா" என்றார் டாக்டர்.

அவளுக்கும் ஏறித் தொலைந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன்.

திரும்பும் பஸ் முழுக்க செஞ்சிக்காரர்கள். இரண்டு மணிக்கு மாத்திரைக்கான அலாரம் என் போனில் அடித்தது. முன் சீட்டிலிருந்து எங்கள் தெரு விருத்தாம்பாள் திரும்பிப் பார்த்தாள். சட்டென்று அணைத்தேன்.

"வூட்டுக்குப் போயி போட்டுக்கிறேங்க்கா" என்றேன் மெதுவாக.

"வூட்ல மாமியா இருப்பா. அப்பால நாளைக்குன்னுவ." தைலம்மாளும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஊரு பாக்குதுன்னு உசுர வுடுவியாடி மணிமொழி?"

டப்பா இருந்த பையை மடியில் இறுக்கிக்கொண்டேன். அவள் எரிகிற அந்தக் காலை ஊன்றி எழுந்தாள். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் முந்தானையை விரித்து, பிள்ளைக்குப் பால் கொடுப்பவளை மறைப்பதுபோல் என்னை மறைத்து நின்றாள்.