இருபத்தைந்து மீற்றரில் என் கை

1. திருத்துகிறவரின் மேசை

பிஸ்டல் திருத்துகிறவர் ஒரு கடதாசி இலக்கை மேசையில் விரித்து வைத்தார். அதன் நடுவில் ஒரே ஒரு துளை இருந்தது, சுண்டுவிரல் நுனி நுழையும் அளவு. என் பிஸ்டலை இரும்புப் பிடியில் இறுக்கி, இருபத்தைந்து மீற்றர் தூரத்தில் வைத்து ஐந்து தரம் சுட்டாராம். ஐந்து குண்டும் அந்த ஒரு துளைக்குள்ளேயே போயிருந்தன.

அது இடமும் வலமுமாகச் சிதறிச் சுடுகிறது என்றுதான் நான் அவரிடம் முறைப்பாடு சொல்லிக் கொடுத்திருந்தேன். பார்வைக் குறி ஆடுகிறது, குழல் தேய்ந்திருக்கலாம் என்றெல்லாம் காரணமும் சொல்லியிருந்தேன். பழுது ஒன்றும் இல்லை என்று அவர் பிரெஞ்சில் மெதுவாகச் சொன்னார். சுத்தம் செய்ததற்கு மட்டும் காசு எடுத்தார். அப்படியென்றால் ஏன் சிதறுகிறது என்று அவர் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது பொய் சொல்லியிருப்பேன். கேட்காமல், என் முகத்தையும் பார்க்காமல், பெட்டியைப் பூட்டித் தந்தார். வெளியே வந்து காரில் ஏறியும் உடனே காரை எடுக்க மனம் வரவில்லை. ஸ்டியரிங்கில் இருந்த என் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

2. பிசிறு எடுக்கிற வேலை

மொன்றியலில் செயின்ட்-லோறன்ட் பக்கம் விமான எஞ்சின் பாகங்கள் செய்யும் ஒரு பட்டறையில் எனக்கு வேலை. மெஷினில் வெட்டி வரும் உலோகத்தின் ஓரத்தில் மயிரிழை போலப் பிசிறு நிற்கும். கண்ணுக்குத் தெரியாத பிசிறுகூட எஞ்சினுக்குள் கழன்று விழுந்தால் ஆபத்து. மைக்ரோஸ்கோப்பின் கீழ் பாகத்தை வைத்து, சிறிய கத்தியாலும் கல்லாலும் அதைக் கையால் எடுக்க வேண்டும். டீபரிங் என்று சொல்வோம். யாழ்ப்பாணத்தில் நான் படித்தது வணிகம். இங்கே அகதியாக வந்து, கோப்பை கழுவி, பிறகு டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களுக்குள் கூட்டித் துடைத்து, கடைசியில்தான் இந்த மேசைக்கு வந்தேன். ஆட்டமில்லாத கை எனக்கு இருக்கிறது என்பது அங்கேதான் தெரிந்தது.

எங்கள் வேலையை மேற்பார்க்கும் போர்மன் ரேஜான், பிரெஞ்சு பேசும் கெபெக்காரர். என்னைச் 'சர்ஜன்' என்று கூப்பிடுவார். புதிதாக வருகிறவர்களை என் பின்னால் நிறுத்தி, இந்தக் கையைப் பார் என்பார். அவர்தான் ஒருநாள், இப்படிப்பட்ட கை பட்டறையில் மட்டும் இருந்து வீணாகக் கூடாது என்று லவாலில் இருக்கும் துப்பாக்கி சுடும் கிளப்புக்குக் கூட்டிப்போனார். முதலில் தயங்கினேன். துப்பாக்கி என்றால் எங்கள் ஆட்களுக்கு வேறு ஞாபகங்கள் இருக்கின்றன. ஆனால் அங்கே நடந்தது வேறு. ஒரு கையை நீட்டி, மூச்சை அடக்கி, குறியைப் பார்த்து, விசையை மெல்ல மெல்ல அழுத்துவது மட்டும்தான். அந்த ஒரு மணித்தியாலம் என் தலைக்குள் எந்தச் சத்தமும் இருக்காது.

லைசென்ஸ் எடுத்தேன். சில வருடம் கிளப் துப்பாக்கிகளில் பழகிய பிறகு சொந்தமாக ஒன்று வாங்கினேன். ஜெர்மனியில் செய்த போட்டிப் பிஸ்டல். அப்போது என்னிடம் ஓடிக்கொண்டிருந்த காரைவிட விலை கூடியது. அதன் மரப்பிடியை என் உள்ளங்கை ரேகைக்கு ஏற்றபடி நானே அரத்தால் அராவி எடுத்தேன். வேறு எவர் பிடித்தாலும் கைக்குப் பொருந்தாது.

என் மனைவி சிவமலர் அந்தப் பெட்டியை ஒருமுறை மட்டும் திறந்து பார்த்தாள்.

"எந்தத் துவக்கைக் கண்டு ஓடி வந்தனாங்களோ, அதைக் காசு குடுத்து வாங்கி வீட்டுக்குள்ள வைச்சிருக்கிறியள்," என்றாள்.

இது விளையாட்டுக்கு என்றேன். அவள் அதன் பிறகு அதைப் பற்றிக் கதைத்ததில்லை. கார்ட்டியர்வில்லில் எங்கள் வீட்டு நிலவறையில் நான் பிஸ்டலைப் பூட்டி வைத்த அலுமாரி இருந்த பக்கத்துக்கு மட்டும் போகமாட்டாள். உடுப்பு காயப்போடும் கம்பியைக்கூட மறுபக்கம் மாற்றிக் கட்டினாள். கோயிலில் எங்கள் ஆட்கள் எவருக்கும் நானும் சொல்லவில்லை.

3. நடுக்கம்

எப்போது தொடங்கியது என்று சொல்லத் தெரியவில்லை. தேத்தண்ணீர்க் கோப்பை தட்டில் கிணுகிணுக்கும். பாங்கில் கையெழுத்துப் போடும்போது கோடு நெளியும். வயது என்று விட்டுவிட்டேன். பட்டறையில் அது எவருக்கும் தெரியவில்லை என்றுதான் நினைத்தேன். மேசை விளிம்பில் மணிக்கட்டை அழுத்தி ஊன்றிக்கொள்வேன், சமாளித்துவிடலாம். கிளப்பில் ஊன்றிக்கொள்ள எதுவும் இல்லை. கை வெறும் வெளியில் நீண்டு நிற்கும். ஒரு துளையாக இருந்தது கைப்பிடியளவாகி, பிறகு இலக்கு முழுவதும் பரவியது.

குண்டை மாற்றினேன். பிடியை இன்னும் கொஞ்சம் அராவினேன். கண்ணாடி மாற்றினேன். கடைசியில்தான் பழி பிஸ்டலின் மேல் போய், அதைத் திருத்துகிறவரிடம் கொடுத்தேன். அந்த ஒற்றைத் துளை வந்த பிறகும் டொக்டரிடம் போகவில்லை. கிளப்புக்குப் போவதைக் குறைத்துக்கொண்டேன். தோள் நோகிறது என்று ரேஜானிடம் சொன்னேன். அவரும் தோளுக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் நல்லது என்றார்.

4. பெரிய திரை

பட்டறைக்கு ஒரு புதிய வாடிக்கையாளரின் எஞ்சினியர்கள் வந்த நாள் அது. ஒப்பந்தம் கிடைத்தால் பல வருட வேலை. மெல்லிய வளையம் ஒன்றைக் காட்டி, இதன் உள்ஓரத்தைக் கையால் யார் முடிக்கிறார்கள் என்று அவர்களில் ஒரு பெண் கேட்டார். எங்கள் குழு செய்கிறது என்று ரேஜான் அவசரமாகப் பதில் சொன்னார். எனக்கு அது பிடிக்கவில்லை. இத்தனை வருடம் செய்தவன் இங்கே நிற்கிறேன், பெயரைச் சொன்னால் என்ன? நானே முன்னுக்கு வந்து, செய்து காட்டட்டுமா என்று கேட்டேன். ரேஜான் நேரம் போகிறது, சாப்பாட்டுக்குப் போவோம் என்றார். அந்தப் பெண், இல்லை, பார்க்க விருப்பம் என்றார்.

மைக்ரோஸ்கோப்போடு ஒரு பெரிய திரை இணைத்திருக்கிறோம். பாகத்தின் ஓரம் அதில் ஒரு தெருவின் அகலத்துக்குத் தெரியும். நான் வளையத்தை வைத்து, கத்தியைக் கொண்டுபோனேன். திரையில் கத்தியின் நுனி வந்தது. அது காற்றில் அகப்பட்ட இலை போல ஆடியது. எல்லாரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நானும் பார்த்தேன். என் கையை அவ்வளவு பெரிதாக நான் அதுவரை பார்த்ததில்லை. நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் ஒப்புக்கொண்டது போலாகும் என்று தொடர்ந்தேன். நுனி வழுக்கி, பளபளவென்றிருந்த உள்முகத்தில் ஒரு கீறல் விழுந்தது. அந்த வளையம் அத்தோடு கழிவு.

ரேஜான் வந்து திரையை நிறுத்தினார். பிறகு குகன் என் கதிரையில் உட்கார்ந்து இன்னொரு வளையத்தைச் சுத்தமாக முடித்துக் காட்டினான். குகன் செயின்ட்-மிஷேலில் இருந்து வருகிறவன், நான் பழக்கிய பொடியன்தான், இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன்.

உடுப்பு மாற்றும் அறைக்கு அவன் என் பின்னால் வந்தான். முதல் தரம் இப்படி ஆகுது, பதட்டம் என்று நான் தொடங்கினேன். அவன் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னான்:

"யோகண்ணை, எங்களுக்குக் கன நாளாத் தெரியும். சின்னச் சாமானெல்லாம் உங்களிட்ட வராம ரேஜான்தான் மாத்தி விடுறவர். நீங்கள் முடிச்சு வைக்கிறதை வேலை முடிஞ்ச பிறகு அவர் இருந்து திருப்பிப் பாக்கிறவர். உங்களுக்குச் சொல்ல வேண்டாம் எண்டவர்."

கொஞ்சக் காலமாக எனக்குப் பெரிய வார்ப்புப் பாகங்களே வந்துகொண்டிருந்தன. மூத்தவன் என்ற மரியாதையில் சுலபமான வேலை தருகிறார்கள் என்று நினைத்திருந்தேன். கோயிலில் அதைப் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன். அத்தனை பேரும் அறிந்து, அத்தனை பேரும் என்னைச் சுற்றி மெதுவாக நடந்திருக்கிறார்கள். திரையில் ஆடிய நுனியைவிட இதுதான் என்னை நிமிர விடவில்லை. குகனின் முகத்தைப் பார்க்காமல் சப்பாத்து நாடாவைக் கட்டினேன். அதுவும் உடனே கட்டுப்படவில்லை. அவன் குனிந்து உதவ வந்து, பிறகு வேண்டாம் என்று நின்றுகொண்டான்.

5. வைத்திருப்பதா

டொக்டர் பல சோதனைகள் செய்தார். நான் பயந்தபடி உடம்பை முடக்குகிற வியாதி இல்லை, ஆனால் இந்த நடுக்கம் போகாது, மருந்தால் கொஞ்சம் குறையும் என்றார். ரேஜானிடம் போய்ச் சொன்னேன். அவர் நன்றி என்று மட்டும் சொல்லி, என்னை அளவு பார்க்கும் கருவிகளின் பகுதிக்கு மாற்றினார். புதியவர்களுக்குப் பாடம் சொல்வதும் என் பொறுப்பானது.

மிச்சம் இருந்தது பிஸ்டல். கைத்துப்பாக்கி வாங்கல் விற்றலை அரசாங்கம் நிறுத்தியதிலிருந்து அதைக் கண்டவருக்கும் கைமாற்ற முடியாது. வைத்திருக்கலாம், அதற்குக் கிளப்பில் உறுப்பினராக இருந்து சுட்டு வர வேண்டும். பொலிசிடம் ஒப்படைக்கலாம், அவர்கள் அழித்துவிடுவார்கள். ஒலிம்பிக் வகைப் போட்டிகளில் சுடுகிறவர்களுக்கு மட்டும், உரிய கடிதம் இருந்தால், கொடுக்கலாம். எங்கள் கிளப்பில் அப்படி ஒருத்தி இருந்தாள். பெயர் மிரெய், பஸ் ஓட்டுகிறவள். நீ எப்போதாவது விடுவதாக இருந்தால் முதலில் எனக்குச் சொல் என்று முன்னொருமுறை கேட்டிருக்கிறாள். அப்போது எனக்குக் கோபம் வந்தது.

விடாதே என்றார் ரேஜான். கிளப்புக்குக் கூட்டிப்போய் ஒரு மண்மூட்டையை மேசையில் வைத்து, அதன் மேல் பிஸ்டலைச் சாய்த்துச் சுடச் சொன்னார். சுட்டேன். ஒரு துளை. பார்த்தாயா என்று அவர் முதுகில் தட்டினார். அவருக்குச் சந்தோசம். எனக்கோ திருத்துகிறவரின் மேசைக்கு முன்னால் நின்றது போல இருந்தது. சுட்டது மூட்டை. நான் விசையை மட்டும் அழுத்தினேன். இனி ஒவ்வொரு கிழமையும் இங்கே வந்து, நல்ல துப்பாக்கி ஒன்று நல்ல துப்பாக்கிதான் என்று நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டும்.

கொடுப்பதென்று முடிவெடுத்த அன்று, அதை எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். ஒரு நல்ல வழி தோன்றியது. இவ்வளவு அழிவைக் கண்ட நாங்கள் வீட்டில் துவக்கு வைத்திருப்பது சரியில்லை, மனைவிக்கும் விருப்பமில்லை, அதனால் விட்டுவிட்டேன். ரேஜானுக்கும் சொல்லலாம், இதுவரை ஒளித்த கோயில் ஆட்களிடமும் தலை நிமிர்ந்து சொல்லலாம். சிவமலரிடம் முதலில் சொன்னேன். அவள் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்துவிட்டுக் கேட்டாள்:

"கை நடுங்குதெண்டு குடுக்கிறியளோ, நான் சொன்னனான் எண்டு குடுக்கிறியளோ?"

கைதான் என்றேன்.

"அப்ப அதையே சொல்லுங்கோ. கை நல்லா இருந்தா நீங்கள் விடமாட்டியள், அது எனக்குத் தெரியும். என்ரை சொல்லை இத்தனை வருசம் கேக்காமல் இருந்திட்டு, இப்ப என்ரை பேரில போட வேண்டாம்."

அவள் கோபத்தோடு சொல்லவில்லை. அதனால் அந்தச் சொல் இன்னும் ஆழமாகப் போனது. மிரெய் பெட்டியை எடுக்க வந்தபோது ஏன் விடுகிறாய் என்று கேட்டாள். வலது கையை நீட்டிக் காட்டினேன். அவள் பார்த்தாள். மன்னித்துக்கொள் என்றாள். மன்னிக்க எதுவும் இல்லை, மரப்பிடியை மட்டும் மாற்ற வேண்டியிருக்கும் என்றேன்.

6. இளையவர்களுக்கு

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கண், கை, காது என்று எது தளர்ந்தாலும் போர்மனிடம் முதல் சொல்கிறவர் நீங்களாக இருங்கள். நீங்கள் மறைத்தால் அடுத்தவர் சேர்ந்து மறைக்க வேண்டிவரும், உங்கள் பாகத்தை இன்னொருவர் தன் வீட்டு நேரத்தில் இருந்து திருப்பிப் பார்க்க வேண்டிவரும். அவர்கள் அதை அன்பில்தான் செய்வார்கள். ஆனால் எங்கள் பாகம் போய்ச் சேருகிற இடம் ஆட்கள் ஏறியிருக்கிற விமானம்.

புதிய குழு வரும் முதல் நாள் நான் கையை நீட்டிக் காட்டியே பாடத்தைத் தொடங்குகிறேன். சிலர் பார்க்கிறார்கள், சிலர் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள். எனக்கு ஒவ்வொரு முறையும் காது சுடுகிறது. பழகிவிடும் என்று நினைத்தேன், இன்னும் பழகவில்லை.