ஞாயிறுக்குள் சுகமாகும் என்று சொன்னேன்

அன்பான சகோதரரே, சகோதரிகளே, என் பெருமையால் என் பிள்ளை சாகக் கிடந்தது. அதைத்தான் சொல்லப் போகிறேன். கேட்டுவிட்டு என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினையுங்கள்.

ஐம்பதுகளின் கடைசி. யாழ்ப்பாணத்திலிருந்து வன்னியில் இருக்கும் அக்கராயனுக்கு வந்து காடு வெட்டிக் காணி திருத்திய மூன்றாம் வருடம். எங்களுக்கு அப்போது தென்னோலைக் கிடுகு வேய்ந்த ஒரு ஜெபக்கொட்டில்தான். போதகர் மாதத்துக்கு ஒருமுறை சைக்கிளில் வருவார். மற்ற ஞாயிறுகளில் நான்தான் முன்னுக்கு நின்று ஜெபிப்பேன். என்ன ஜெபம்! வாய்க்காலுக்கு அப்பாலும் கேட்கும். முழங்காலில் நின்று ஜெபித்த காய்ப்பு எல்லோருக்கும் தெரியட்டும் என்று சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு திரிவேன். பக்கத்துக் காணிக் கந்தையா அண்ணை முருகனுக்குக் காவடி எடுத்தபோது, அது வெறும் வெளிவேஷம் என்று கொட்டிலில் பிரசங்கித்தவனும் நான்தான்.

மார்கழி மழைக்குள் என் ஆறு வயது மகள் எஸ்தருக்குக் காய்ச்சல் பிடித்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம் என்றாள் மனைவி ரூத். நானோ ஞாயிறு ஆராதனையில் எழும்பி, "வாற ஞாயிறுக்குள்ள சுகமாகும், ஆண்டவர் எனக்குச் சொன்னவர்" என்றேன். ஆண்டவர் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. எல்லோரும் அல்லேலூயா சொன்னார்கள். அது எனக்கு இனித்தது.

பிறகு எப்படி ஆஸ்பத்திரிக்குப் போவது? போனால் என் விசுவாசத்தை யார் மதிப்பார்கள்? புதன் போனது. வெள்ளி போனது. பிள்ளைக்குச் சொண்டு காய்ந்து வெடித்து, வாய் திறக்க முடியவில்லை. நான் இன்னும் சத்தமாக ஜெபித்தேன். ஞாயிறு காலை அவளுக்கு என்னை யாரென்றே தெரியவில்லை. ரூத் அழக்கூட இல்லை.

"இஞ்சாருங்கோ, உங்களுக்குப் பிள்ளை பெரிசோ, உங்கட சொல்லுப் பெரிசோ?"

ஐயோ, அதைக் கேட்டு நான் செத்தேன். மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் போய்ச் சேற்றில் விழுந்தேன். அத்தனை சத்தமாக ஜெபித்த வாய் முணுமுணுக்கத்தான் செய்தது. ஆண்டவரே, நான் வெட்கப்பட்டுப் போனாலும் பரவாயில்லை, பிள்ளையை மட்டும் தாரும் என்றேன். பக்கத்தில் நின்ற மாட்டுக்கும் கேட்டிருக்காது.

ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டுவண்டில் வைத்திருந்தவர் கந்தையா அண்ணைதான். எந்த முகத்தோடு போவது? போனேன். அவர் உடனே எழும்பினார்.

"பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாரும் தம்பி, மாட்டைப் பூட்டுறன்."

ஜெபக்கொட்டிலைத் தாண்டித்தான் பாதை. சுகமான பிள்ளையைப் பார்க்க எல்லோரும் அங்கே காத்து நின்றார்கள். சரியாக அவர்களுக்கு முன்னால் வண்டில் சில்லு வெள்ளத்துச் சேற்றில் புதைந்துவிட்டது. இறங்கினேன். "ஆண்டவர் எனக்கு ஒண்டும் சொல்லேல்லை. நான் பொய் சொன்னனான்" என்றேன்.

பிறகு ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெள்ளத்துக்குள் இறங்கினார். அவருக்குப் பின்னால் மற்றவர்கள். அத்தனை பேரும் சேர்ந்து வண்டிலைத் தள்ளி மேட்டில் ஏற்றிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில், நெருப்புக் காய்ச்சல், அதாவது டைபாய்டு என்று சொல்லி டாக்டர் என்னை வாய்க்கு வந்தபடி ஏசினார். எனக்கு அது வேணும். பல நாள் கழித்து ஒரு காலை எஸ்தர் கண்ணைத் திறந்து, "அப்பா, கஞ்சி" என்றாள். நான் ஆஸ்பத்திரி என்றும் பாராமல் அழுதேன்.

இப்போது என் ஜெபம் மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால்தான். அடுத்த வருடம் கந்தையா அண்ணை காவடி எடுத்தபோது, அவருடைய மாடுகளுக்கு நான் தண்ணீர் வைத்தேன்.

இன்று இதைச் சொல்ல எழும்பியபோதுகூட, எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று ஒருதரம் எண்ணிப் பார்த்துவிட்டேன். அதற்காக எனக்கு ஜெபியுங்கள். இங்கே வேண்டாம். வீட்டுக்குப் போய், ஒருவரும் காணாத இடத்தில் ஜெபியுங்கள். என் ஜெபத்தையே கேட்ட ஆண்டவர் உங்களுடையதைக் கேட்கமாட்டாரா?