வெள்ளை நாய்க்குச் சொட்டு நீலம்

ஆனி கடைசியில் வளைகாப்பு முடித்து என்னை ராஜபாளையத்துக்கு, அம்மா வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். வந்த அன்றே தெரிந்துவிட்டது, என்னால் அந்த வீட்டிலிருந்து ஓர் உயிர் வெளியே போகப் போகிறது என்று. அண்ணன் வளர்க்கும் ராஜபாளையம் நாய்க்கு உடம்பெல்லாம் அரிப்பு. வயிற்றிலும் தொடையிலும் முடி கொட்டி, ரோஸ் நிறத் தோல் புண்ணாகிக் கிடந்தது. பின்னங்காலால் சொறியும், பல்லால் கடிக்கும், சுவரில் போய்த் தேய்க்கும். புண்ணைத் தொட்டுப் பார்க்கப் போன அம்மாவின் கையை ஒரு தடவை கவ்வியும் விட்டது.

"பச்சப்பிள்ள வரப்போற வீட்டுல சொறிநாயா, ஏலே? ஆடி முடியுததுக்குள்ள ஆறலைன்னா அது இங்க இருக்கக் கூடாது" என்று அம்மா அண்ணனிடம் தீர்த்துச் சொல்லிவிட்டாள். வத்திராயிருப்பில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒருவர், ஆவணி பிறந்ததும் வந்து கூட்டிப்போவதாக ஏற்பாடு.

எங்கள் ஊர் நாயைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இதன் அர்த்தம் புரியும். ஒருவர் கையில் வளர்ந்தது, இன்னொருவர் வைக்கும் சோற்றை லேசில் தொடாது. எங்கள் தெருவிலிருந்து அப்படிப் போன ஒன்று, போன இடத்தில் பட்டினி கிடந்தே செத்தது. அது அண்ணனுக்கும் தெரியும். அதனால் யார் என்ன வைத்தியம் சொன்னாலும் ஓடி ஓடிச் செய்தான்.

வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினான். குப்பைமேனி இலையைக் கசக்கித் தேய்த்தான். தேங்காய் எண்ணெயில் கந்தகம் குழைத்துத் தடவினான். ஆனால் அவனுக்கு ஒரு பைத்தியம் உண்டு. நாய் பளிச்சென்று வெள்ளையாக இருக்க வேண்டும். ராஜபாளையத்தான் வீட்டு நாய் மஞ்சளும் பச்சையுமாகத் திரிந்தால் தெருவில் தலை காட்ட முடியுமா? பூசிய மருந்து காய்வதற்குள், கறை பிடித்துக்கொள்ளும் என்று பதறி, துணி சோப்பைப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிடுவான். கடைசி வாளியில் சொட்டு நீலம், வேட்டிக்கு விடுகிற மாதிரி. நாய் துவைக்கல்லின் மேல் ஏறி அசையாமல் நிற்கும். தெருவில் போகிறவர்கள், "என்னமா நிக்குது பாரு" என்பார்கள். இவனுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடும்.

நான் வேலைவெட்டி இல்லாமல் நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள். ஆடிக் காற்று வேறு ஏற்கெனவே நாயின் தோலைக் காயவைத்துக்கொண்டிருந்தது. குளித்த பிறகுதான் அது ரத்தம் வரும்வரை சொறிகிறது என்பது எனக்கு மெல்லப் புரிந்தது. அண்ணனிடம் சொன்னேன்.

"நீ வயித்துப்பிள்ளயப் பாரு. நாய நான் பாத்துக்கிடுதேன்" என்றான்.

ஆடி பாதி போயிருக்கும். லாரிப் பட்டறையிலிருந்து ஒரு கேன் கழிவு ஆயில் கொண்டுவந்தான். கன்னங்கரேலென்று இருந்தது, நாற்றம் குடலைப் பிடுங்கியது. இதைப் பூசினால் பூச்சியெல்லாம் ஒழிந்துவிடும் என்று எவனோ சொல்லியிருக்கிறான். எனக்குக் கோபம் தலைக்கேறியது. நாய் தன் உடம்பை நக்குகிற பிராணி. தோலில் பூசுவது வயிற்றுக்குள்தானே போகும்? எழுந்து போய் அவனுக்கும் நாய்க்கும் நடுவில் நின்றேன்.

"தள்ளுட்டி."

"ஊத்தணும்னா என் மேல ஊத்துண்ணே."

"அப்ப நீயே அத அனுப்பி வையி. உன் பிள்ளைக்காகத்தான போகுது."

அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. அழுகை முட்டியது. அழுதால் இவன் ஜெயித்துவிடுவான் என்று அடக்கிக்கொண்டேன்.

"ஒரே ஒரு வாட்டி ஸ்ரீவில்லிபுத்தூர் மாட்டாஸ்பத்திரிக்கு வா. எங்க வீட்டு மாட்டப் பாக்குற டாக்டரம்மா இருக்காவ. அவிய ஆயில்தான்னு சொன்னா நானே பூசிவிடுதேன்" என்றேன். என் புகுந்த வீடு அந்த ஊர்.

மறுநாள் ஆட்டோ பிடித்துப் போனோம். டாக்டரம்மா தோலைச் சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்து முடிக்கும் வரை அண்ணன் நாயின் காதை விடவேயில்லை.

"சொறிப்பூச்சி இல்ல. பிள்ளைக்குத் தொத்தாது. தோல் வறண்டு வெடிச்சிருக்கு. எதப் போட்டுக் குளிப்பாட்டுறீங்க?"

நான்தான் சொன்னேன், நீலம் உட்பட. துணி சோப்பை அன்றோடு நிறுத்தச் சொன்னார். அழுக்கானால் மட்டும், வேப்பிலை கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர். வறண்ட இடத்தில் லேசாகத் தேங்காய் எண்ணெய். படுக்கிற சாக்கை உதறி வெயிலில் காயப்போட வேண்டும். புண்ணுக்கு ஒரு களிம்பு தந்தார். கழிவு ஆயில் பேச்சை எடுத்ததும், "கொல்லணும்னா பூசுங்க" என்றார்.

அரிப்பு குறைந்தது. மத்தியானத்தில் அது அசந்து தூங்குவதை அப்போதுதான் பார்த்தேன். ஆனால் முடி பழுப்பேறி, செம்மண் ஒட்டி, பார்க்கச் சகிக்கவில்லை. புண் காய்ந்ததே தவிர முழுதாக ஆறவில்லை. அம்மாவும் மசியவில்லை. ஆவணி பிறந்தது.

தோப்புக்காரர் வரவேண்டிய காலையில் அண்ணன் வாளியையும் சோப்பையும் எடுத்து வைத்தான்.

"கழுத மாதிரி அனுப்ப மாட்டேன். என் நாய் வெள்ளையாத்தான் போகும்" என்றான்.

எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை. போகப்போகிற நாய்க்கு இதுவும் ஒன்றுதான் என்று வெறுத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். அவன் தண்ணீரில் நீலத்தைக் கலக்கினான். சாக்கில் படுத்திருந்த நாய் வாளியைப் பார்த்தது. அதன் கால்கள் நடுங்க ஆரம்பித்தன. அரிப்பில்லாத சில நாட்களைப் பார்த்துவிட்டதாலோ என்னவோ, முன்பு அது அப்படி நடுங்கி நான் பார்த்ததில்லை.

"வா" என்றான் அண்ணன்.

வந்தது. வாலை இடுக்கிக்கொண்டு, நடுங்கிக்கொண்டே வந்து, துவைக்கல்லின் மேல் ஏறி நின்றது. கண்ணை மூடிக்கொண்டது.

அண்ணன் கையிலிருந்த செம்பு அப்படியே நின்றது. வாளியைக் காலால் தள்ளிவிட்டான். போனை எடுத்து, "அண்ணாச்சி, வராதிய. நாய் இங்கயே இருக்கட்டும்" என்றான். உள்ளேயிருந்து வந்த அம்மா வாயெடுப்பதற்குள் அவனே சொல்லிவிட்டான்.

"இம்புட்டு நாளும் எரிஞ்சிருக்கும்மா. நான் சொன்னேன்னு நின்னுருக்கு."

அம்மா கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாய் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. முதல் செம்புத் தண்ணீருக்காகக் காத்து நின்றது.

"ஏலே" என்றாள் அம்மா. "அத எறங்கி உள்ள வரச் சொல்லு."